பிடிச்ச நியூஸ் சைட்டு காசு கேக்க ஆரம்பிச்சிருச்சா? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

பல வருஷமா சும்மா படிச்சிட்டிருந்த சைட்டு திடீர்னு ஒரு நாள் கட்டுரை பாதி போயிட்டிருக்கும்போதே திரைய போட்டு "மேல படிக்க சந்தா கட்டுங்க"ன்னு சொல்லுது. அதுக்கப்புறம் எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதனால பதில எல்லாம் ஒரே இடத்துல போட்டு வைக்கிறேன். அவசரத்துல இருக்கவங்க முதல் கேள்விய மட்டுமாவது படிச்சிருங்க.

அதே மாதிரி இலவசமா வேற ஒரு சைட்டு இருக்கா?

அப்படியே அச்சு அசலா கிடைக்காது. அத தேடுறதுலதான் முக்காவாசி பேரு நேரத்த வீணாக்குறாங்க. முதல்ல உங்க பிரவுசர் ஹிஸ்டரிய தொறந்து போன வாரம் அந்த சைட்டுல எதெதெல்லாம் படிச்சிருக்கீங்கன்னு பாருங்க. ரெண்டு வகைதான் இருக்கும். ஒண்ணு பொதுச் செய்தி, அதாவது தேர்தல் முடிவு, நிலநடுக்கம், மேட்ச் ஸ்கோரு, யாரு ராஜினாமா பண்ணா, கோர்ட்டுல என்ன தீர்ப்பு இந்த மாதிரி. இது நூறு இடத்துல இலவசமா கிடைக்கும், ஏன்னா உங்க சைட்டே அத வேற எங்கயோ இருந்துதான் வாங்கி போட்டிருக்கும். இன்னொண்ணு அந்த சைட்டுலயே உக்காந்து எழுதுற ஆளுங்களோட வேல, ஒரு குறிப்பிட்ட நிருபரோட புலனாய்வு, ஒருத்தரோட வாராந்திர பத்தி, சினிமா விமர்சனம். இதுக்கு மாத்து கிடையாது, அத படிக்கணும்னா அந்த ஆளத்தான் தேடி போகணும்.

பெரும்பாலானவங்க ஹிஸ்டரிய பாத்தா முதல் வகைதான் நெறைய இருக்கும், ரெண்டாவது வகை ரெண்டோ மூணோ பேருதான் தேறுவாங்க. இது தெரிஞ்சிட்டா தேடுற வேல பாதியா கொறஞ்சிரும்.

நெஜமாவே காசு கேக்குதா, இல்ல சும்மா லாகின் பண்ண சொல்லுதா?

நல்லா படிச்சு பாருங்க, நெறைய பேரு பாப்அப் வந்த உடனே டேப க்ளோஸ் பண்ணிடுறாங்க. சில சைட்டு ஈமெயில் குடுத்தா போதும்னு சொல்லும், காசே கெடையாது. சில சைட்டு மாசத்துக்கு இத்தன கட்டுரை சும்மா, அதுக்கு மேல காசுன்னு கணக்கு வைக்கும். நியூயார்க் டைம்ஸ் 2011ல ஆரம்பிச்சப்போ மாசம் 20 கட்டுரை இலவசம், அடுத்த வருஷமே அத 10 ஆக்கிட்டாங்க. அதுக்கும் முன்னாடி 2007லயே ஃபைனான்ஷியல் டைம்ஸ் இந்த மீட்டர் முறைய கொண்டு வந்தாச்சு. சில சைட்டு செய்திய தொறந்து வச்சிட்டு சிறப்புக் கட்டுரைய மட்டும் பூட்டும். லண்டன் டைம்ஸ் மாதிரி 2010லயே மொத்தமா கதவ சாத்துனவங்களும் உண்டு.

எந்த வகைன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. மீட்டர் வகைன்னா முக்கியமான கட்டுரைக்கு மட்டும் அந்த கோட்டாவ செலவு பண்ணிட்டு பொதுச் செய்திய வெளிய படிச்சா மாசம் ஓடிரும்.

ஏன் திடீர்னு எல்லாரும் காசு கேக்குறாங்க?

விளம்பரக் காசு கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போயிருச்சு, வரி விளம்பரம் எல்லாம் அதுக்கும் முன்னாடியே இன்டர்நெட்டுக்கு போயிருச்சு. நிருபருக்கு சம்பளம் குடுக்கணும்ல. திடீர்னுன்னும் சொல்ல முடியாது, வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 1997லேயே ஆன்லைன்ல காசு வாங்க ஆரம்பிச்சவங்க.

சரி, பொதுச் செய்திக்கு எங்க போறது?

செய்தி ஏஜென்சில இருந்து ஆரம்பிங்க. உலகச் செய்தி முக்காவாசி மூணு ஏஜென்சி வழியாத்தான் எல்லா பத்திரிகைக்கும் போகுது, ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி. உங்க பழைய சைட்டுல செய்திக்கு மேலயோ கீழயோ சின்ன எழுத்துல இந்த பேரு இருக்கும், கவனிச்சிருப்பீங்க. இதுல ஏபியோட சைட்டும் ஆப்பும் இலவசம். 1846ல ஆரம்பிச்ச லாபநோக்கமில்லாத கூட்டுறவு அமைப்பு அது, நன்கொடை கேப்பாங்க, குடுக்கலன்னாலும் படிக்கலாம். எழுத்து வறட்சியாத்தான் இருக்கும், என்ன நடந்துச்சு, யாரு சொன்னா, எத்தன பேரு, அவ்வளவுதான், எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. ராய்ட்டர்ஸ் 2021ல காசு வாங்கப்போறோம்னு அறிவிச்சு, அத தள்ளிப்போட்டு, கடைசில 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சிட்டாங்க, அதனால அத நம்பி இருக்காதீங்க.

ஒரு சின்ன வழி சொல்றேன். பூட்டுன கட்டுரையோட தலைப்புல இருந்து முக்கியமான பேரு, ஊரு ரெண்ட மட்டும் எடுத்து கூகுள் நியூஸ்லயோ வேற தேடல்லயோ போடுங்க. தலைப்ப முழுசா போட்டா அதே பூட்டுன சைட்டுதான் மேல வரும். பேரு, ஊரு மட்டும் போட்டா அதே செய்திய போட்ட வேற நாலு சைட்டு வரும், அதுல தொறந்திருக்கறத படிச்சிக்கலாம்.

அடுத்து மக்கள் காசுல ஓடுற ஒலிபரப்பு நிறுவனங்க. பிபிசி, ஜெர்மனியோட டிடபிள்யூ, ஜப்பானோட என்எச்கே வேர்ல்ட், ஃப்ரான்ஸ் 24 எல்லாம் இந்த வரிசைல வரும். பிபிசி, தமிழையும் சேத்து 40க்கும் மேல மொழில செய்தி தருது, டிடபிள்யூவும் 30 மொழி பக்கம் தருது, இங்கிலீஷ்ல படிக்க சிரமப்படுறவங்களுக்கு இது பெரிய உதவி. கார்டியன் அரசாங்க காசுல ஓடல, ஒரு டிரஸ்ட்டுக்கு சொந்தமானது, வெப்சைட்ட பூட்டாம வாசகர்கிட்ட பங்களிப்பு மட்டும் கேக்குறாங்க. அடியில ஒரு மஞ்ச பெட்டி வந்து கேட்டுகிட்டே இருக்கும், சங்கடப்படாம தள்ளிவிட்டுட்டு படிக்கலாம்.

அரசாங்கம் காசு குடுக்குற சைட்ட நம்பலாமா?

யாரு காசு குடுக்குறான்னு தெரிஞ்சிகிட்டு படிச்சா போதும். அல் ஜசீராவுக்கு கத்தார் அரசு காசு குடுக்குது, பல நாட்டு செய்தில அவங்க கள வேல ரொம்ப நல்லாருக்கும், ஆனா கத்தார் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு அத மட்டும் படிச்சா பத்தாது. இந்த கணக்கு எல்லாருக்கும் பொருந்தும், தனியார் முதலாளி சைட்டுக்கும் சேத்துத்தான்.

அத விட நடைமுறை பிரச்சன என்னன்னா இந்த இலவசமும் நிரந்தரம் கெடையாது. அமெரிக்க அரசு காசுல ஓடுற வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவோட ஊழியர்கள 2025 மார்ச்ல கிட்டத்தட்ட மொத்தமா லீவுல அனுப்பி வேலைய நிறுத்திட்டாங்க, அத மட்டும் நம்பிட்டிருந்தவங்களுக்கு ஒரே நாள்ல கதவு மூடிருச்சு. பிபிசியே 2025 ஜூன்ல இருந்து அமெரிக்காவுல இருந்து படிக்கறவங்ககிட்ட முழுசா படிக்க காசு கேக்குறாங்க. அதனால ஒரே சைட்ட கட்டிகிட்டு அழாம நாலஞ்ச வச்சிக்கோங்க.

நாலஞ்சு சைட்ட தினமும் யாரு போயி தொறந்து பாக்குறது?

நீங்க போக வேணாம், அதுங்க உங்ககிட்ட வரும். ஆர்எஸ்எஸ்னு (அந்த அமைப்பு இல்ல) ஒரு இணைய வசதி 1999ல இருந்து இருக்கு, சைட்டுல புதுசா என்ன போட்டாலும் தலைப்பும் சுருக்கமும் ஒரு ரீடர் ஆப்புக்கு தானா வந்து விழும். 2013 ஜூலைல கூகுள் ரீடர மூடுனதும் ஆர்எஸ்எஸ் செத்துருச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா இன்னிக்கும் பெரும்பாலான நியூஸ் சைட்டுல அது ஓடிட்டுதான் இருக்கு, வெளிய பட்டன் தெரியாது அவ்வளவுதான். ஃபீட்லி, இனோரீடர்னு ரெண்டு ரீடர் ஆப்புலயும் இலவசக் கணக்கு இருக்கு, ஆப்பிள் ஆளுங்களுக்கு நெட்நியூஸ்வயர் முழுசா இலவசம், கம்ப்யூட்டர்ல தண்டர்பேர்ட் ஈமெயில் மென்பொருள் வச்சிருந்தீங்கன்னா அதுக்குள்ளயே வசதி இருக்கு.

ஆப்புல சைட்டோட முகவரிய போட்டா அதுவே ஃபீட, அதாவது அந்த சைட்டோட ஆர்எஸ்எஸ் வரிசைய, தேடிப்பிடிக்கும். பிடிக்கலன்னா முகவரி கடைசில ஒரு சாய்கோடு போட்டு இங்கிலீஷ்ல ஃபீட்னு அடிச்சு பாருங்க, வேர்ட்பிரஸ்ங்கற சைட்டு நடத்துற மென்பொருள்ல ஓடுற சைட்டுன்னா பெரும்பாலும் வந்துரும்.

காசு கேக்குற சைட்டோட ஃபீடயும் சேத்துக்கோங்க. முழுக் கட்டுரை வராது, ஆனா தலைப்பும் ரெண்டு வரியும் வரும், இன்னிக்கு என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிக்க அது போதும், முழுசா வேணும்னா அதே செய்திய அடுத்த ஃபீட்ல பாத்துக்கலாம். இன்னொரு லாபம், எந்த அல்காரிதமும் நடுவுல வந்து உங்களுக்கு கோவம் வர்ற செய்தியா பாத்து பொறுக்கி போடாது, வந்த வரிசைல வரும். ஆரம்பத்துல ஆர்வக்கோளாறுல அம்பது சைட்ட சேத்துட்டு ஆயிரம் படிக்காத செய்தி கெடக்குதுன்னு ஆப்ப அழிக்காம, பத்துக்குள்ள வச்சிக்கோங்க.

ஆழமா, பெருசா எழுதுற கட்டுரை இலவசமா எங்க கிடைக்கும்?

லாபநோக்கமில்லாத அமைப்புங்க இதுல ரொம்ப நல்லா பண்றாங்க. ப்ரோபப்ளிகா அமெரிக்க விவகாரத்துல புலனாய்வு பண்ற அமைப்பு, புலிட்சர் பரிசெல்லாம் பல தடவ வாங்கிருக்கு, பூட்டே கெடையாது. தி கான்வர்சேஷன் 2011ல ஆஸ்திரேலியால ஆரம்பிச்சது, அந்தந்தத் துறை பேராசிரியர்களே எழுதுவாங்க, எடிட்டர்ங்க அத நமக்கு புரியுற மாதிரி திருத்துவாங்க. இந்த ரெண்டுமே தங்களோட கட்டுரைய மத்தவங்க சில நிபந்தனையோட மறுபடி போட்டுக்க அனுமதி குடுக்குறதால, வேற சைட்டுல பூட்டுக்கு பின்னாடி பாத்த கட்டுரை சில சமயம் இங்க மூலத்துல தொறந்தே கெடக்கும். கட்டுரை அடியில "முதலில் வெளியானது"ன்னு இருக்கான்னு பாருங்க.

செய்திக்கு மூலமான ஆவணத்தையே படிக்க முடியுமா?

முடியும், இத யாரும் பயன்படுத்துறதே இல்ல, அதான் எனக்கு ஆச்சரியம். "தீர்ப்பின் முழு விவரம்"னு ஒரு கட்டுரை பூட்டி கெடக்கும், ஆனா அந்த தீர்ப்பு கோர்ட்டோட சைட்டுலயே பிடிஎஃப்பா இருக்கும். வட்டி விகிதம் மாறுனா மத்திய வங்கி அறிக்கை போட்டிருப்பாங்க. நிலநடுக்கம்னா அமெரிக்க நிலவியல் ஆய்வு மையமான யுஎஸ்ஜிஎஸ் சைட்டுல ஆழம், அளவு, எடம் எல்லாம் சில நிமிஷத்துல மேப்போட வந்துரும், பத்திரிகைக்காரங்களே அங்க இருந்துதான் எடுக்குறாங்க. தொற்றுநோய் செய்தின்னா உலக சுகாதார அமைப்பு, புயல்னா வானிலை மையம், கம்பெனி லாப நஷ்டம்னா அவங்க முதலீட்டாளருக்கு போட்ட அறிக்கை.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சிக்கோங்க, கம்பெனியும் அரசாங்கமும் போடுற அறிக்கைல அவங்களுக்கு வசதியானது மேலயும் சங்கடமானது பதினேழாம் பக்கத்துலயும் இருக்கும். நிருபருக்கு காசு குடுக்குறதே அந்த பதினேழாம் பக்கத்த படிச்சு சொல்றதுக்குத்தான்.

நூலகத்துல உறுப்பினரா இருந்தா உதவுமா?

இந்த பக்கத்துல இருக்குறதுலயே நான் பெருசா சிபாரிசு பண்றது இதத்தான். உலகம் முழுக்க பல பொது நூலகங்க ப்ரெஸ்ரீடர் மாதிரி சேவைக்கு சந்தா கட்டி வச்சிருக்கு, அதுல ஆயிரக்கணக்கான நாளிதழும் வார இதழும் அச்சுல வந்த மாதிரியே பக்கம் பக்கமா படிக்கலாம். நூலக அட்டை நம்பர் போட்டு வீட்ல இருந்தே போன்ல படிக்கலாம். நூலக அட்டைய வச்சு இரவல் எடுக்குற லிப்பி ஆப்புலயும் பத்திரிகைங்க இருக்கும். சில நூலகம் நியூயார்க் டைம்ஸ் மாதிரி சைட்டுக்கு ஒரு நாளோ மூணு நாளோ செல்லுபடியாகுற பாஸ் குடுக்கும், முடிஞ்சா மறுபடி எடுத்துக்கலாம். காலேஜ்ல படிக்கிறீங்கன்னா காலேஜ் ஐடிலயே பல சந்தா உள்ளடங்கி இருக்கும், பாதி பேருக்கு அது தெரியாமலே படிப்ப முடிச்சிட்டு போயிடுறாங்க. உங்க நூலகத்துல இருக்கா இல்லயான்னு இங்க சொல்ல முடியாது, நூலகர்கிட்ட "ஆன்லைன் நாளிதழ் வசதி இருக்கா"ன்னு கேளுங்க, அவ்வளவுதான். இது முழுக்க சட்டப்படியான வழி, எழுதுனவருக்கும் காசு போகுது.

அந்த ஒரு பத்தி எழுத்தாளர மட்டும் விட மனசில்ல, என்ன பண்றது?

அவரு பேரப் போட்டு தேடுங்க. நெறைய பேரு தனியா இலவச நியூஸ்லெட்டர் நடத்துறாங்க, பாட்காஸ்ட்ல பேசுறாங்க, வேற இதழ்லயும் எழுதுறாங்க. காசு கேக்குற சைட்டுங்களே தினமும் காலைல இலவச நியூஸ்லெட்டர் அனுப்புறதும் சகஜம், அதுக்குன்னு தனியா ஒரு ஈமெயில் வச்சிக்கோங்க, இல்லன்னா ஆஃபர் மெயில்லயே இன்பாக்ஸ் மூழ்கிரும். அப்புறம் கிஃப்ட் லிங்க். நியூயார்க் டைம்ஸ் சந்தாதாரர் மாசம் 10 கட்டுரைய மத்தவங்களுக்கு இலவசமா தொறந்து அனுப்பலாம், வேற சில பத்திரிகைலயும் இந்த வசதி இருக்கு. சந்தா கட்டுன நண்பர் இருந்தா கூச்சப்படாம கேளுங்க, பெரும்பாலும் அந்த கோட்டாவ யாரும் தொடுறதே இல்ல.

இன்காக்னிட்டோல தொறந்தா வேல செய்யுமாமே?

இன்காக்னிட்டோன்னா பிரவுசர்ல ஹிஸ்டரி சேமிக்காம தொறக்குற தனி ஜன்னல். ஒரு காலத்துல அது வேல செஞ்சுச்சு. மீட்டர் கணக்கு உங்க பிரவுசர்ல சைட்டு போட்டு வைக்குற குக்கீங்கற குட்டி குறிப்புல இருந்ததால இன்காக்னிட்டோல போனா கணக்கு பூஜ்யத்துல ஆரம்பிக்கும். சைட்டுக்காரங்க இன்காக்னிட்டோவையே கண்டுபிடிச்சு தடுத்தாங்க, 2019ல குரோம் 76 வந்தப்போ அப்படி கண்டுபிடிக்க உதவுன ஓட்டைய கூகுள் அடைச்சது, அப்புறம் பல சைட்டுங்க லாகின கட்டாயமாக்கிட்டாங்க. கூகுள் தேடல் வழியா போனா முதல் கட்டுரை இலவசம்னு இருந்த ஏற்பாடும் 2017 அக்டோபரோட முடிஞ்சிருச்சு. பக்கத்தோட சேமிச்ச நகல காட்டுன கூகுள் கேஷ் லிங்க் 2024ல போச்சு. பூட்ட தாண்ட உதவுன 12அடி ஏணின்னு பேரு வச்ச சைட்ட 2025 ஜூலைல இழுத்து மூட வச்சாங்க.

இப்படி ஒவ்வொண்ணா அடைபட்டுகிட்டே போகுது. தப்பு சரிங்கறத விடுங்க, ஒரு கட்டுரை படிக்க இருபது நிமிஷம் தந்திரம் தேடுற நேரத்துக்கு அதே செய்திய மூணு எடத்துல படிச்சிடலாம். பூட்ட உடைக்கிற எக்ஸ்டென்ஷன்னு கண்டத இன்ஸ்டால் பண்ணாதீங்க, நீங்க போற எல்லா சைட்டையும் படிக்குற அனுமதிய அது கேக்கும், உங்க பேங்க் பக்கமும் அதுல அடக்கம்.

டெலிகிராம்ல தினமும் பேப்பர் பிடிஎஃப் வருதே?

அது திருட்டு காப்பி, நாளைக்கே அந்த சேனல் காணாம போகும். அதுலயும் பக்கத்த வெட்டி, தலைப்ப மாத்தி கிண்டலுக்கும் பிரச்சாரத்துக்கும் பரப்புறது நடக்குது. பிடிஎஃப் பேர்ல வர்ற ஏபிகே ஃபைல (ஆண்ட்ராய்டு போன்ல ஆப்ப இன்ஸ்டால் பண்ற ஃபைல்) தொட்றாதீங்க.

ஏஐ கிட்ட கேட்டா செய்திய சுருக்கி சொல்லிடுதே, அது போதாதா?

போதாது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் பிபிசியும் சேந்து 18 நாட்டுல 14 மொழில பிரபல ஏஐ உதவியாளர்கள சோதிச்சு 2025 அக்டோபர்ல முடிவ வெளியிட்டாங்க, செய்தி பத்தின பதில்கள்ல 45 சதவீதத்துல குறைஞ்சது ஒரு பெரிய கோளாறாவது இருந்துச்சு. மூலம் எதுன்னு காட்டுறதுலதான் நெறைய சொதப்பல். பழைய செய்திக்கு பின்னணி கேக்கலாம், பெரிய அறிக்கைல எந்த பக்கத்த படிக்கணும்னு கேக்கலாம், ஆனா இன்னிக்கு காலைல நடந்தத அது சொல்லி கேட்டு ஃபார்வர்ட் பண்ணாதீங்க, குடுக்குற லிங்க தொறந்து ஒரு தடவ பாருங்க.

புதுசா ஒரு இலவச சைட்டு கண்டுபிடிச்சேன், நல்லதான்னு எப்படி தெரியும்?

முகவரிய எழுத்து எழுத்தா பாருங்க. 2022ல டாப்பல்கேங்கர்னு ஒரு ரஷ்ய ஆதரவு பிரச்சாரம் வெளிய வந்துச்சு, கார்டியன், ஜெர்மனியோட பில்ட் மாதிரி பத்திரிகையோட பக்கத்த அச்சு அசலா காப்பி அடிச்சு கிட்டத்தட்ட அதே முகவரில பொய்ச் செய்தி போட்டாங்க. லோகோவ பாத்து ஏமாறாதீங்க. எழுதுனவர் பேரு இருக்கா, அந்த பேர்ல பழைய கட்டுரை இருக்கா, தப்பு நடந்தா திருத்தம் போடுறாங்களா, யாரோட சைட்டுன்னு சொல்லிருக்காங்களா, இத பாத்தா பெரும்பாலும் தெரிஞ்சிரும். திருத்தமே போடாத சைட்ட நான் நம்புறதில்ல, தப்பே பண்ணாத பத்திரிகைன்னு ஒண்ணு கெடையாது.

காத்திருந்தா மறுபடி இலவசமாகுமா?

ஆனதுண்டு. ஸ்லேட்ங்கற இணைய இதழ் 1998ல காசு கேட்டுட்டு அடுத்த வருஷமே விட்டுட்டாங்க, நியூயார்க் டைம்ஸ் பத்திகள பூட்டுன முதல் முயற்சி 2005ல ஆரம்பிச்சு 2007ல முடிஞ்சிருச்சு, குவார்ட்ஸ்ங்கற நியூஸ் சைட்டு 2022லயும் டைம் இதழ் 2023லயும் பூட்ட எடுத்தாங்க. பேரிடர், தேர்தல் மாதிரி சமயத்துல சில பத்திரிகை தற்காலிகமா தொறந்து விடும். ஆனா நியூயார்க் டைம்ஸே 2011ல திரும்ப வந்து இன்னிக்கு வரைக்கும் விடல, அதனால இத நம்பி உக்காந்திருக்க வேணாம்.

இவ்வளவு பாத்துட்டு கடைசில சந்தாவே கட்டிடலாம்னு தோணுது, எதெத கவனிக்கணும்?

ரெண்டு மாசம் மேல சொன்ன மாதிரி ஓட்டி பாத்துட்டு அப்புறமும் அந்த சைட்டு இல்லாம கையொடிஞ்ச மாதிரி இருந்தா கட்டுங்க, அப்போ எதுக்கு கட்டுறோம்னு தெரிஞ்சு கட்டுவீங்க. அறிமுகச் சலுகை விலைய பாக்காதீங்க, அது முடிஞ்சதும் என்ன விலைங்கறத பாருங்க, அது எப்பவும் சின்ன எழுத்துலதான் இருக்கும். கட்டுன அன்னிக்கே போன் காலண்டர்ல ரினியூ ஆகுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி நினைவூட்டல் போட்டுருங்க. கட்டுறதுக்கு முன்னாடியே எப்படி கேன்சல் பண்றதுன்னு தேடுங்க, சேருறதுக்கு ஒரு க்ளிக், விலகுறதுக்கு மட்டும் போன் பண்ணுன்னு சொல்ற எடம்னா ரெண்டு தடவ யோசிங்க. காசு கட்டுனாலும் விளம்பரம் வருமான்னு பாருங்க, பல சைட்டுல வரும். மாணவர் விலை, குடும்ப விலை இருக்கான்னு கேளுங்க. அப்புறம் கேன்சல் பட்டன அமுக்குனா பல சைட்டு "இருங்க இருங்க, பாதி விலைக்கு தர்றோம்"னு வரும், அதனால முழு விலை கட்டுறதுக்கு முன்னாடி அந்த பட்டன் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க.